இயந்திரம் வந்துவிட்டது, சாவி யார் கையில்?

2024 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை காலை. திருவிடந்தை கடற்கரையிலிருந்து ‘ரூமி-1’ என்ற ராக்கெட் வானில் ஏறியது. சென்னை நிறுவனம் ஒன்று உருவாக்கிய, மீண்டும் பயன்படுத்தக்கூடிய ராக்கெட் அது. நகரும் ஏவுதளத்திலிருந்து அதைச் செலுத்தினார்கள். நம் பகுதிப் பிள்ளைகள் பலர் கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்ந்தார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை, இதே திருவிடந்தையில்தான் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பிரதமர் வந்து தொடங்கி வைத்தார். பீரங்கி வண்டிகளையும் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கண்காட்சியின் நிறைவு நாள் ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள்.

நம் கடற்கரையில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமே இல்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. தெற்கே கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். மேற்கே சிறுசேரியில் உலகம் முழுவதற்கும் மென்பொருள் எழுதுகிறார்கள்.

இத்தனையும் நடக்கும் இதே பகுதியில், ஒரு விடுதியின் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் என்ன நடக்கிறது? அதன் அடியில் இறுகிக் கிடக்கும் கசடை எடுக்க யாரை அழைக்கிறார்கள்? இந்த வாரம் நாம் பேச வேண்டிய கேள்வி இது.

ஒரு தொலைபேசி அழைப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தொடங்கி மாமல்லபுரம் வரை விடுதிகள், பண்ணை வீடுகள், திருமண மண்டபங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்துவிட்டன. சனி, ஞாயிறு வந்தால் சென்னையே இங்கே வந்துவிடுகிறது. ஆனால் கடலோரக் கிராமங்களின் இந்தக் கட்டடங்களுக்குச் சென்னை மாநகரத்தின் உட்பகுதியைப் போலப் பாதாள சாக்கடை இல்லை. கழிவெல்லாம் போய்ச் சேரும் இடம் செப்டிக் டேங்க்தான்.

டேங்க் நிரம்பினால் லாரிக்குப் போன் போகிறது. சுவரில் எழுதிய எண்ணைப் பார்த்து அழைத்த காலம் போய், இப்போது கைப்பேசியில் தேடினாலே பத்து எண்கள் வருகின்றன. லாரி வருகிறது. மோட்டார் ஓடுகிறது. தடித்த குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுகிறார்கள். மேலே இருக்கும் நீர் அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு, ‘அதான் மிஷின் வந்துடுச்சே, இனி யாரும் இறங்க வேண்டியதில்லை’ என்றுதான் தோன்றும்.

ஆனால் டேங்கின் அடியில் இருப்பது தண்ணீர் இல்லை. பல ஆண்டுகளாகப் படிந்து இறுகிய மலக்கசடு. அதோடு மணல், பிளாஸ்டிக் கவர், நாப்கின், துணி எல்லாம் கலந்து கிடக்கும். சாதாரண உறிஞ்சு குழாயால் அதை இழுக்க முடியாது. குழாயின் வாய் அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் அந்தப் பேச்சு வருகிறது.

“சார், அடியில இறுகிக் கெடக்கு. ஆளு எறங்கித்தான் கிளறி விடணும்.”

“எறங்கச் சொல்லுப்பா. ஐந்நூறு ஆயிரம் சேத்து வாங்கிக்க.”

அந்த ‘ஆளு’ யார் என்று கேட்க வேண்டியதில்லை. எந்தத் தெருவிலிருந்து அவர் வருவார் என்று இருவருக்கும் தெரியும். நமக்கும் தெரியும். ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு அது. ஆனால் பதிவேட்டிலிருந்து பெயர் போன பிறகும், டேங்க் அடைத்தால் போன் அதே தெருவுக்குத்தான் வருகிறது.

இயந்திரம் பாதி வேலையைச் செய்கிறது. மீதிப் பாதியைச் சாதி செய்ய வைக்கிறது. நம் பகுதியில் தொழில்நுட்பமும் வேலையும் சேர்ந்திருக்கும் நிலை இதுதான்.

குழிக்குள் என்ன இருக்கிறது?

மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும். இது உயிர் காக்கும் அறிவியல்.

மூடிய டேங்கில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மூடிய குழியில் அது மிகவும் குறைந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அதனால் அடியில் தங்கும். கசடுக்குள்ளும் அது சிறைப்பட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போய்விடாது. உள்ளே இறங்கியவர் காலாலோ கம்பாலோ கிளறும்போது ஒரே மூச்சில் வெளியே வரும்.

அழுகிய முட்டை நாற்றம்தான் இந்த வாயுவின் அடையாளம். ஆனால் அந்த நாற்றத்தை நம்பி இருக்கக் கூடாது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது, இந்த வாயு மூக்கின் நுகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, ஆபத்து இல்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து ஏறிக்கொண்டிருக்கும். எழுநூறு, ஆயிரம் பங்கு என்ற அளவுக்குப் போனால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். கத்தக்கூட நேரம் இருக்காது.

முகத்தில் கட்டும் துண்டோ, கொரோனா காலத்து முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்றுக் கொடுக்கும் சுவாசக் கருவி வேண்டும். வாயுவை அளக்கும் கருவி வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே இழுக்கும் முக்காலி, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கி மாண்டவர்கள். கட்டட உரிமையாளரும் அவருடைய இரு மகன்களும் அதில் அடக்கம். 2022 அக்டோபரில் அதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில், தனியார் விடுதி ஒன்றின் தொட்டியில் மூன்று பேர் இறந்தார்கள். இரண்டும் நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நடந்தவை. 1993-க்குப் பிறகு பதிவான மலக்குழி மரணங்களில் நாட்டிலேயே அதிகம் பதிவானது தமிழ்நாட்டில்தான், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள்.

செய்திகளில் இந்த மரணங்களுக்கு ஒரு நிரந்தரத் தலைப்பு உண்டு: ‘விஷவாயு தாக்கி பலி’. அந்தத் தலைப்பைப் படித்தால் குற்றவாளி வாயு என்றுதான் தோன்றும். இறக்கியவர் யார், கருவி ஏன் தரவில்லை, லாரி உரிமையாளர் யார் என்ற கேள்விகள் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. ‘பாதுகாப்புக் கருவியின்றி இறக்கப்பட்டு மரணம்’ என்று எழுதப் பழக வேண்டும். இதைப் பத்திரிகைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

உயிர் தப்பியவர்களின் உடல்நலம் பற்றியும் யோசிக்க வேண்டும். தோல் நோய், மூச்சிரைப்பு, கண் எரிச்சல், மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் என்று இந்த வேலை தரும் நோய்கள் பல. நாற்றத்தைத் தாங்கக் குடிக்கத் தொடங்கியவர்கள் குடிக்கே அடிமையானதும் நம் தெருக்களில் கண்ட கதைதான். ‘அவன் குடிகாரன்’ என்ற பெயர் மட்டும் அவருக்கு மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-ல் வந்தது. அது உலர் கழிப்பிடங்களைப் பற்றி மட்டுமே பேசியது. இருபது ஆண்டுகள் கழித்து 2013-ல் வந்த புதிய சட்டம்தான் கழிவுநீர்த் தொட்டிகளையும் பாதாள சாக்கடைகளையும் சேர்த்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2013 டிசம்பர் 6.

பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஜாமீனில் வர முடியாத குற்றம். இறங்கியவர் இறக்க வேண்டும் என்பதில்லை. இறக்கிவிட்டாலே குற்றம்தான்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்து, முன்னெச்சரிக்கையோடு செய்தால் அது ‘அபாயகரமான’ சுத்தம் ஆகாது என்று சட்டமே பொருள் சொல்கிறது. மனிதர் இறங்குவதற்குக் கதவை முழுவதும் அடைக்கவில்லை. விதிகள் இதைக் கொஞ்சம் இறுக்குகின்றன: இயந்திரத்தால் முடியவே முடியாத சில வேலைகளுக்கு மட்டும், உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தந்தால்தான் ஆள் இறங்கலாம். ஒரு விடுதி மேலாளர் வாய்மொழியாகச் சொல்லும் ‘எறங்கச் சொல்லுப்பா’ அந்த அனுமதி ஆகாது.

நீதிமன்றம் சட்டத்தைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்பு அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 20 லட்சம்.

2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவு போட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு மலக்குழியும் சாக்கடையும் சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்தச் சொன்னது. சென்னை அந்தப் பட்டியலில் இருப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம், ஊராட்சிப் பகுதிகள். சென்னைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி இங்கே இருக்கிறது. அவர்கள் கழிவு இங்கே சேர்கிறது. ஆனால் சென்னைக்கென்று பேசப்படும் இயந்திரமும் கண்காணிப்பும் எல்லைக் கோட்டில் நின்றுவிட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் குழிக்குள் இறங்குவது தொடரும்.

2013 சட்டம் எல்லைக் கோடு பார்க்காது. கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் பட்டிபுலத்துக்கும் அது பொருந்தும். நிறைவேற்றச் சொல்லிக் கேட்பவர்கள்தான் வேண்டும்.

எந்த இயந்திரம் எதற்கு?

‘ரோபோ வந்துவிட்டது’ என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். எந்த ரோபோ, எந்தக் குழிக்கு என்று பார்க்க வேண்டும்.

கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ் என்ற நிறுவனம், 2018-ல் திருவனந்தபுரத்தில் ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. சாலையில் உள்ள மேன்ஹோல் மேல் அதை நிறுத்தினால், இயந்திரக் கை உள்ளே இறங்கிக் கசடை வாரி எடுக்கும். கேமரா வழியாகப் பார்த்து, மேலே நின்றபடியே ஒருவர் இயக்கலாம். தமிழ்நாட்டில் கும்பகோணம், கோயம்புத்தூர் போன்ற ஊர்களும் அதை வாங்கின. நல்ல கருவிதான். ஆனால் அது முக்கியமாகப் பாதாள சாக்கடையின் மேன்ஹோலுக்கு உரியது. பாதாள சாக்கடையே இல்லாத நம் கடலோரக் கிராமங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

நமக்குத் தேவையானது செப்டிக் டேங்குக்கான கருவி. அதுவும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் ‘ஹோமோசெப்’ என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். டேங்கின் சிறிய வாய் வழியாக மடக்கிய நிலையில் உள்ளே போகும். போனபின், தலைகீழாகப் பிடித்த குடை விரிவது போல அதன் கத்திகள் விரியும். அவை சுழன்று, இறுகிய கசடைக் கரைத்துக் கூழாக்கும். அதன்பின் குழாயால் உறிஞ்சிவிடலாம். ‘ஆளு எறங்கிக் கிளறணும்’ என்று சொல்லும் அந்த மீதிப் பாதி வேலையைத்தான் இது செய்கிறது.

2022-ல் இந்த இயந்திரத்தை அறிவித்தபோது, முதல் இரண்டு கருவிகளைக் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? துப்புரவுப் பணியில் கணவரை இழந்த இரண்டு பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களுக்கு. சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் துணையோடு அது நடந்தது. எந்தக் குழி கணவரைக் கொண்டுபோனதோ, அந்தக் குழியில் இனி யாரையும் இறக்காத கருவிக்கு அந்தப் பெண்களே பொறுப்பாளர்கள். தொழில்நுட்பம் சரியான கைக்குப் போனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

விலை உயர்ந்த கருவி வருவதற்கு முன்பே செய்யக்கூடிய எளிய வேலை ஒன்றும் உண்டு. செப்டிக் டேங்கை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் கசடு அவ்வளவு இறுகாது. லாரியின் குழாயே போதும். நிரம்பி வழிந்து, நாற்றம் எடுத்து, விருந்தினர் முகம் சுளிக்கும் வரை விட்டுவிடுவதால்தான் அது கல்லாகிறது. விடுதிகளின் கணக்கில் இது செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்கான விலையை நம் பிள்ளைகள் உயிரால் கொடுக்கிறார்கள்.

சாவி யார் கையில்?

இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதல் ஆபத்து, இயந்திரம் வந்தும் ஆள் இறங்குவது. லாரி வந்த பிறகும் அதுதான் நடந்தது.

இரண்டாவது ஆபத்து, இயந்திரம் வந்தவுடன் வேலை கைமாறுவது. மலத்தைக் கையால் அள்ளிய வரைக்கும் ‘இது உங்கள் வேலை’ என்றார்கள். அதே வேலைக்கு முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் வண்டியும் மாதச் சம்பளமும் ஒப்பந்தமும் வந்த பின், ‘இதற்கு அனுபவம் உண்டா, உரிமம் உண்டா, முதலீடு உண்டா?’ என்று கேட்கிறார்கள். இழிவு இருந்தவரை நமக்கு. லாபம் வந்தவுடன் வேறொருவருக்கு. தோல் தொழிலில் இது நடந்ததை நம் பாட்டன்மார் பார்த்தார்கள்.

மத்திய அரசு ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் தொட்டி, சாக்கடைத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தது. 2024-ல் வெளியான விவரப்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 சதவீதம் பட்டியல் சாதியினர். சுமார் 8 சதவீதம் பழங்குடியினர். இந்த வேலைக்குச் சாதி இல்லை என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

அதே எண்ணைத் திருப்பிப் போட்டும் கேட்கலாம்: கழிவுநீர் லாரிகளின் உரிமையாளர்களில் எத்தனை சதவீதம் பட்டியல் சாதியினர்? இயந்திரம் வாங்க மானியம் பெற்றவர்களில் எத்தனை பேர் முன்பு குழியில் இறங்கியவர்கள்? இந்தக் கணக்கை ஊருக்கு ஊர் எடுக்க வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. நமஸ்தே திட்டத்தில் பாதுகாப்பு உடை, மருத்துவக் காப்பீடு, கழிவு அகற்றும் வண்டி வாங்க மானியம் ஆகியவை உண்டு. தமிழ்நாடு அரசின் ‘அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்’ 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் அதில் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் கீழ்தான் 2024 டிசம்பரில் சென்னைக் குடிநீர் வாரியப் பணிக்காக 213 தூய்மைப் பணியாளர்களுக்கு நவீன கழிவுநீர் அகற்றும் வாகனங்களைக் கொடுத்தார்கள். கூலியாக இருந்தவர் வண்டிக்கு உரிமையாளர் ஆனார். வண்டி மட்டும் தந்திருந்தால் கடன்காரர் ஆகியிருப்பார். வாரியத்தின் வேலையும் சேர்ந்து கிடைத்ததால்தான் தவணை கட்ட முடியும்.

சென்னையில் முடிந்தது செங்கல்பட்டில் ஏன் முடியாது? முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை உள்ள விடுதிகளின் கழிவை எடுக்கும் வேலையே பல வண்டிகளுக்குப் போதும். உள்ளூர் சுய உதவிக் குழுக்களுக்கும், முன்பு இந்த வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கும் முதல் உரிமை கொடுத்து மாவட்ட நிர்வாகம் இதைச் செய்யலாம்.

மாற வேண்டிய பழக்கம்

தொழில்நுட்பம் மனிதரின் நடத்தையை மாற்றும் என்கிறார்கள். மாற்றத்தான் செய்கிறது. விடுதி அறையை ஒரு விரல் தொடலில் பதிவு செய்கிறோம். தேநீர்க் கடையில் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறோம். ஆனால் ‘இந்த வேலைக்கு இந்த ஆள்’ என்ற எண்ணம் மட்டும் எந்தக் கருவியாலும் தானாக மாறவில்லை. கைப்பேசி அந்த ஆளை இன்னும் சீக்கிரமாக வரவழைக்கத்தான் உதவியிருக்கிறது.

இதில் நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே, ‘அது அவங்க வேலை, நம்ம வேலை இல்ல’ என்று இன்னொரு பிரிவைச் சுட்டும் பேச்சு நம் தெருக்களில் இல்லையா? அருந்ததியர் குடும்பத்தில் ஒரு மரணம் நடந்தால் மற்றவர்கள் எத்தனை பேர் அரசு மருத்துவமனை வாசலில் போய் நிற்கிறோம்? ஊர் நம்மைப் பார்ப்பது போல நாம் இன்னொருவரைப் பார்த்தால், அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவதில் பொருள் இல்லை.

கையில் இருக்கும் கைப்பேசியை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். எங்கேயாவது ஒருவரைப் பாதுகாப்பின்றி இறக்குவதைப் பார்த்தால், முதலில் தடுத்துப் பேசுங்கள். கேட்காவிட்டால் லாரியின் எண், கட்டடம், நேரம் தெரியும்படி படம் எடுங்கள். இறங்கும் தொழிலாளியின் முகத்தைப் பரப்ப வேண்டாம். அவர் குற்றவாளி இல்லை. கழிவுநீர் அகற்றும் சேவைக்கும் புகாருக்கும் உள்ள 14420 என்ற எண்ணை அழையுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் தயவுசெய்து பின்னால் குதிக்காதீர்கள். 112-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள். பதற்றத்தில் குதித்த அண்ணன் தம்பிகளைத்தான் அதிகம் இழந்திருக்கிறோம்.

மரணம் நடந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் கவனமாக இருக்க வேண்டும். ‘கவனக்குறைவால் மரணம்’ என்ற பிரிவில் மட்டும் வழக்குப் பதிந்து முடித்துவிடப் பார்ப்பார்கள். 2013 சட்டத்தின் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். இறந்தவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களை இந்த வேலையில் ஈடுபடுத்துவதே அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். விடுதிக்காரர் கொடுக்கும் இரண்டு, மூன்று லட்சத்தை வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். 30 லட்சம் என்பது உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை. அது யாருடைய தயவும் இல்லை.

கிராம சபையில் கேளுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த கிராம சபையில் நம் இளைஞர்களும் பெண்களும் சில கேள்விகளை எழுதிக்கொண்டு போகட்டும். நம் ஊராட்சியில் எத்தனை விடுதிகள், எத்தனை டேங்குகள்? கடைசியாக எப்போது, எந்த லாரி எடுத்தது? அந்த லாரிக்கு உரிமம் உண்டா? கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? கால்வாயிலா, ஏரி ஓரத்திலா, சுத்திகரிப்பு நிலையத்திலா? ‘எங்கள் ஊராட்சியில் எந்தக் கட்டடத்திலும் மனிதரை இறக்கக் கூடாது’ என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்துக்கும் மனுவை எடுத்துப் போகலாம்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. கனரக வாகன உரிமம் எடுங்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார், ஹைட்ராலிக், மின்சாரப் பிரிவுகளைப் படியுங்கள். இந்த இயந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆட்கள் தேவைப்படுவார்கள். அந்த வேலைக்கு நாம் தயாராக இருக்க வேண்டும். அதற்காக, நம் பிள்ளைகள் கழிவு வண்டியைத்தான் ஓட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ராக்கெட் செய்யவும், சிறுசேரியில் மென்பொருள் எழுதவும், ஐ.ஐ.டி.யில் இன்னும் நல்ல கருவி உருவாக்கவும் அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதுதான் நம் முதல் ஆசை. ஆனால் இன்று குழியின் ஓரத்தில் நிற்கும் அப்பாவும் அண்ணனும் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே.

ராக்கெட்டை ஏவத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு செப்டிக் டேங்கை மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கருவி இருக்கிறது. சட்டம் இருக்கிறது. மானியமும் இருக்கிறது. இந்த மூன்றும் உத்தண்டி எல்லையைத் தாண்டித் திருவிடந்தை வரை வர வேண்டும். கேட்காமல் அவை வராது. அடுத்த கிராம சபைக்குப் போவோம், கேட்போம்.